வண்டிக்கும் மூட்டுவலி வரும்!

சென்ற இதழில் குக்கர் கேஸ்கெட்டைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “ரப்பரைப் பற்றி இவ்வளவு எழுதுகிறீர்களே, எங்கள் காரின் முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ரப்பர் குல்லாய் கிழிந்து தொங்குகிறது. மெக்கானிக் ‘அது ஒண்ணும் பண்ணாது, ஓட்டுங்க’ என்கிறார். ஓட்டலாமா?”

கூடாது அம்மா. இரண்டே வார்த்தையில் பதில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஏன் கூடாது என்று தெரிந்துகொண்டால்தான் வீட்டு ஆண்களிடம் வாதாட முடியும்! அதனால் இந்த இதழ் முழுவதும் அந்த ரப்பர் குல்லாய்க்குத்தான்.

“அடுப்படியை விட்டுவிட்டு இவள் ஏன் வண்டிக்கு அடியில் போகிறாள்?” என்று சிலர் நினைக்கலாம். என் அப்பா போடிநாயக்கனூரில் ஜீப் டிரைவர். விடிவதற்கு முன்னால் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறினால், இருட்டிய பிறகுதான் இறங்குவார். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்புக்குக் கிரீஸ் அடிக்கும் நாள். “ஏ புள்ள, லைட்டப் புடி” என்று என்னைத்தான் கூப்பிடுவார். எனக்கு இரண்டு தம்பிகள் இருந்தார்கள். ஆனாலும் வெளிச்சத்தை ஆட்டாமல் பிடிப்பவள் நான்தான் என்று அவருக்கு ஒரு எண்ணம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் கற்ற கல்வி அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

உங்கள் தோள்பட்டையில் கை வைத்துக்கொண்டு கையைச் சுழற்றிப் பாருங்கள். மேலே போகிறது, கீழே வருகிறது, வட்டமும் அடிக்கிறது. பள்ளிக்கூடத்தில் ‘பந்துக்கிண்ண மூட்டு’ என்று படித்தோமே, அதனால்தான் இது முடிகிறது. எலும்பின் உருண்டைத் தலை ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் ஒரு உறை, உள்ளே வழவழப்பான ஒரு திரவம். வண்டியின் முன் சக்கரத்துக்கும் இதே வேலைதான். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏற வேண்டும். அதே நேரத்தில் ஸ்டியரிங் சொல்கிற பக்கம் திரும்பவும் வேண்டும். அதற்காக வைத்திருப்பதுதான் பால் ஜாயிண்ட். ஒரு இரும்புக் குண்டு, அதற்கு ஒரு கிண்ணம், இடையில் கிரீஸ், அதைப் பொத்திப் பிடிக்க ஒரு ரப்பர் உறை. அந்த உறையைத்தான் பட்டறையில் ‘பூட்’ என்கிறார்கள். டஸ்ட் கவர் என்றாலும் அதுதான். காலில் போடுகிற பூட்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள்!

ஒவ்வொரு முன் சக்கரத்தையும் தாங்கும் இரும்புக் கையின் நுனியில் ஒரு பால் ஜாயிண்ட் இருக்கும். சில வண்டிகளில் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் கம்பியின் முனையிலும் ஒன்று உண்டு. அதை ‘டை ராட் எண்டு’ என்பார்கள். பெயர்தான் வேறு, அதுவும் குண்டும் கிண்ணமும்தான்.

நமக்கு மூட்டு தேய்ந்தால் வலி வந்து சொல்லிவிடும். வண்டிக்கு வலி தெரியாது. பூட் கிழிந்தால் முதலில் கிரீஸ் வெளியே போகும். அந்த இடத்துக்குள் மழைத் தண்ணீரும் ரோட்டு மண்ணும் போகும். ஈர மாவில் மணல் விழுந்து கிரைண்டர் ஓடினால் கல் என்ன ஆகும்? அதேதான். குண்டு தேயும், துருப்பிடிக்கும், கிண்ணம் அகலமாகும். பிறகு மேடு பள்ளத்தில் ‘கடக், கடக்’ என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் நேராகப் பிடித்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டயர் ஒரு ஓரம் மட்டும் தேயும். அப்போதும் கவனிக்கவில்லையென்றால், ஒரு நாள் குண்டு கிண்ணத்தை விட்டுக் கழன்று வந்துவிடும். சக்கரம் மடங்கிச் சாய்ந்துவிடும், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி கேட்காது. வீட்டு வாசலில் நடந்தால் தள்ளிக்கொண்டு போகலாம். மலை ரோட்டில் நடந்தால்?

இதை ஏட்டில் படித்து எழுதவில்லை. எங்கள் வீட்டுக்காரர் நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பூ எடுத்து மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவர். அதற்கு ஒரு மாருதி ஆம்னி வேன் வைத்திருக்கிறோம். (அந்த வண்டி தயாரிப்பதை 2019-இல் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் எங்கள் பக்கம் பூவும் காய்கறியும் இன்னும் அதில்தான் போகின்றன.) 2023 ஐப்பசியில் கொடைக்கானலில் என் மூத்த மகளுக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம். வளையல் அடுக்கி, அவளை அந்த வேனில்தான் கூட்டி வர வேண்டும். வத்தலக்குண்டு ரோட்டை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஏழாயிரம் அடி உயரத்திலிருந்து இறங்க வேண்டும், அதுவும் ஐப்பசி மழையில்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வழக்கம்போல டார்ச்சை எடுத்துக்கொண்டு முன் சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தேன். இடது பக்கக் கீழ்ப் பூட் பிளந்து கிடந்தது. சக்கரத்தின் உட்புறம் முழுக்கக் கறுப்புக் கிரீஸ் தெறித்து, அதன்மேல் செம்மண் அப்பியிருந்தது.

“ஏங்க, இங்க வந்து பாருங்க” என்றேன்.

“முந்தாநாள்தான சர்வீஸ் விட்டு எடுத்தேன்? எல்லாம் செக் பண்ணியாச்சுன்னு சீட்டே குடுத்திருக்காங்க” என்று அங்கிருந்தே சொன்னார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். சஸ்பென்ஷன் என்ற இடத்தில் அழகாக ஒரு டிக் போட்டிருந்தது! பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். டிக் போட்ட பையன் குனிந்து பார்த்திருக்க மாட்டான், அவ்வளவுதான். ஆனால் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

“சீட்டு வண்டி ஓட்டாதுங்க. ஜாக்கி போடுங்க” என்றேன். மனிதர் முணுமுணுத்துக்கொண்டேதான் போட்டார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிக் காட்டினேன். ‘டொக், டொக்’. அவர் முகம் மாறிவிட்டது. ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஊருக்குள் இருக்கும் மெக்கானிக் தம்பியைக் கூட்டி வந்தார். கழற்றினால் துருத் தண்ணீர் வடிகிறது. “அக்கா, இதோட நீங்க மலைக்கு…” என்றவன் மேலே சொல்லவில்லை. புதிது மாற்றி, வீல் அலைன்மென்ட்டும் பார்த்த பிறகுதான் நாங்கள் மலை ஏறினோம். இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள், “என்னம்மா, உனக்கு மலைன்னா பயமா?” என்று கேலி செய்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

எப்படிப் பார்ப்பது என்று இப்போது சொல்கிறேன். முதல் சோதனைக்கு ஜாக்கிகூட வேண்டாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்து, ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து வைத்துவிடுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் இடம் திறந்துகொள்ளும். டார்ச் அடித்தால் கறுப்பு ரப்பர் தெரியும். சின்னப் பணியாரம் அளவுதான் இருக்கும். ஒரு பழைய துணியால் மண்ணைத் துடைத்துவிட்டு மடிப்பு மடிப்பாகப் பாருங்கள். வெடிப்பு முதலில் மடிப்பின் உள்ளேதான் விழும். மெதுவாக இரண்டு விரலால் அமுக்கினால் வெடித்த இடம் வாய் திறக்கும். நல்ல பூட் இட்லி மாதிரி மெத்தென்று அமுங்கி எழும். சப்பையாக, உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தால் கிரீஸ் போய்விட்டது என்று அர்த்தம். பூட்டின் விளிம்பைச் சுற்றி ஈரமான கறுப்பு வளையம் தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள். மண் ஒட்டிய கிரீஸ் தெறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வீட்டில் எலித் தொல்லை உள்ளவர்கள் மாதம் ஒரு முறையாவது பாருங்கள். பத்து வருஷம் வெயிலில் காய்ந்து வெடிக்க வேண்டிய ரப்பரை ஒரே ராத்திரியில் முடித்துவிடும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. வாட்டர் சர்வீஸ் விடுகிறவர்கள், தண்ணீரைப் பீய்ச்சும் குழாயைப் பூட்டின் விளிம்பிலேயே வைத்து அடிக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் தொட்டு ரப்பரைத் துடைப்பதும் கூடாது. அப்போது பளிச்சென்று இருக்கும், பிறகு ரப்பர் கெட்டுவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

அடுத்தது ஆட்டிப் பார்ப்பது. இதற்கு வண்டியைத் தூக்க வேண்டும், ஆகவே துணைக்கு ஒரு ஆள் கட்டாயம். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுங்கள். ஜாக்கி வைக்கச் சொல்லியிருக்கும் இடத்தில் வைத்துத் தூக்கி, உடனே ஸ்டாண்டு கொடுத்துவிடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ நீட்டவே கூடாது. வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

சக்கரத்தை மணி பன்னிரண்டிலும் ஆறிலுமாகப் பிடித்து, உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். அசைவோ, ‘டொக்’ என்ற தட்டலோ இருக்கக் கூடாது. இருந்தால் பால் ஜாயிண்ட்டாக இருக்கலாம், வீல் பேரிங்காகவும் இருக்கலாம். இங்கேதான் அப்பா சொல்லித் தந்த ஒரு உபாயம். வண்டி ஸ்டாண்டில் உறுதியாக நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு, துணை ஆளைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். பிரேக் மிதித்தும் ஆடினால் ஜாயிண்ட் பக்கம்தான் கோளாறு. அதேபோல் மணி மூன்றிலும் ஒன்பதிலும் பிடித்து ஆட்டும்போது மட்டும் தட்டினால், டை ராட் எண்டைப் பாருங்கள். கடைசியாக டயருக்கு அடியில் ஒரு நெம்புகம்பியைக் கொடுத்து மெல்லத் தூக்க வேண்டும். துணை ஆள் டார்ச் அடித்து ஜாயிண்ட்டையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். சக்கரம் மட்டும் எழுந்து, அதைத் தாங்கும் கை அப்படியே நின்றால் அது தேய்ந்துவிட்டது.

இவ்வளவும் பதினைந்து நிமிஷ வேலை. சாம்பாருக்குப் பருப்பு வேகிற நேரம்.

இனி கிரீஸ் அடிப்பது. இதில் பலர் குழம்புகிறார்கள். எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. அப்பாவின் ஜீப்பில் டை ராட் முனைகளில் சின்ன முலை மாதிரி ஒரு நிப்பிள் இருக்கும். லாரி, டிராக்டர், பழைய ஜீப்புகளில் இன்றும் பார்க்கலாம். எங்கள் ஆம்னியைப் போன்ற சின்ன வண்டிகளில் நிப்பிள் கிடையாது. தொழிற்சாலையிலேயே கிரீஸ் வைத்து மூடிவிடுகிறார்கள். அவற்றுக்குப் பார்வைதான் பராமரிப்பு. சிலர் ஊசி மருந்து ஏற்றுவதுபோல் ரப்பரில் குத்திக் கிரீஸ் ஏற்றுகிறார்கள். எனக்கு இது பிடிக்காது. தண்ணீர் போகாமல் காக்கிற உறையில் நாமே ஓட்டை போடுவதா?

நிப்பிள் உள்ள வண்டி என்றால் இப்படிச் செய்யுங்கள். முதலில் நிப்பிளைப் பனியன் வேஸ்ட்டால் நன்றாகத் துடையுங்கள். துடைக்காமல் கிரீஸ் கன்னை வைத்தால், தலையில் ஒட்டிய மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளிவிடுவீர்கள். எந்தக் கிரீஸ் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பெரும்பாலும் லித்தியம் வகை, 2-ஆம் நம்பர் சேஸிஸ் கிரீஸாக இருக்கும். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று வகை மாற்றிக் கலக்காதீர்கள். சில வகைகள் ஒன்றோடொன்று சேராமல், திரிந்த பால் மாதிரி பிரிந்து நீர்த்துவிடும்.

கன்னின் வாயை நிப்பிளில் நேராக அழுத்தி, மெதுவாக ஒவ்வொரு பம்பாக அடியுங்கள். சக்கரம் தூக்கியிருந்தால் கிரீஸ் எளிதாக இறங்கும். கண் பூட்டின் மேலேயே இருக்க வேண்டும். லேசாக உப்பி வரும்போது நிறுத்திவிடுங்கள். சில பூட்களில் விளிம்பு வழியாகப் பழைய கிரீஸ் வெளியே வரும்படி வைத்திருப்பார்கள். அதில் கறுப்புப் போய்ப் புதுக் கிரீஸ் எட்டிப் பார்த்தால் போதும். “பலூன் ஊதாத புள்ள” என்பார் அப்பா. அளவுக்கு மேல் அடித்தால் பூட் வெடித்துவிடும். எந்த ரப்பரைக் காப்பாற்ற உட்கார்ந்தோமோ அதையே கிழித்ததாகும். வெளியே வந்ததைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் தூசி வந்து அப்பிக்கொள்ளும். கிரீஸ் இறங்கவே மறுத்தால் பலத்தைக் காட்ட வேண்டாம். நிப்பிள் அடைத்திருக்கும். கழற்றிக் கழுவலாம், அல்லது புதிது போடலாம். ரொம்பவும் மலிவான சாமான்தான்.

நம்முடையது ஆரோக்கியப் பத்திரிகையும் ஆயிற்றே, ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். கிரீஸ் கன் கையால் அடிக்கிறதுதானே என்று அலட்சியம் வேண்டாம். அதன் வாயில் சதுர அங்குலத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு அழுத்தம் வரும். குழாயில் எங்காவது பீறுகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தால், கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் முள் குத்தினதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் அதிகம் இருக்காது. சில மணி நேரத்தில் விரல் வீங்கிவிடும். மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்காமல், அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், “கிரீஸ் உள்ளே ஏறிவிட்டது” என்று தெளிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஆபரேஷன் செய்துதான் எடுப்பார்கள். தாமதித்தால் விரலே போகக்கூடும்.

இப்போது அந்தச் சகோதரியின் கேள்வி. கிழிந்த பூட்டை மட்டும் மாற்றினால் போதுமா? கிழிந்து ஓரிரு நாள்தான் ஆகியிருக்கிறது, உள்ளே மண்ணோ தண்ணீரோ போகவில்லை, ஆட்டமும் இல்லை என்றால் போதும். தனியாகப் பூட் கிடைத்தால் ஜாயிண்ட்டைத் துடைத்து, புதுக் கிரீஸ் வைத்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கிழிந்து தொங்குகிற நிலை. எத்தனை மழை பார்த்ததோ! ஜாயிண்ட்டையே மாற்றிவிடச் சொல்லுங்கள். சில வண்டிகளில் கையோடு சேர்த்துத்தான் மாற்ற வரும். மாற்றும்போது நட்டைப் பூட்டுகிற ஸ்பிளிட் பின் புதிதாக இருக்கட்டும். பழையதை நிமிர்த்தி மறுபடி மாட்டுவதைப் பார்த்தால் தடுத்துவிடுங்கள். மாற்றி முடித்ததும் வீல் அலைன்மென்ட் பாருங்கள். கழற்றிய பழைய ஜாயிண்ட்டையும் கேட்டு வாங்கி, குண்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். எதற்குக் காசு கொடுத்தோம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சேலையில் கிரீஸ் பட்டுவிட்டால் உடனே தண்ணீரில் போட்டுக் கசக்காதீர்கள், கறை பரவிவிடும். மேலே இருப்பதைக் கரண்டிக் காம்பால் வழித்து எடுத்துவிட்டு, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவித் தளர்த்துங்கள். பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் போட்டு ஊறவைத்து அலசினால் பருத்திச் சேலையில் பெரும்பாலும் போய்விடும். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு யாரும் வண்டிக்கு அடியில் போக மாட்டீர்கள் என்று நம்புகிறேன்!